கேள்வி–பதில்: சாவி கொடுத்தால் ஓடும் சினி கேமரா

கேள்வி: பழைய டபுள் 8 கேமராவில் எடுத்த சுருளைக் கழுவிப் பார்த்தால், முதல் பாதியில் இரண்டு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இரண்டாம் பாதி சுத்தமாக இருக்கிறது. கேமராவில் கோளாறா?

பதில்: கேமரா மேல் குற்றமில்லை. சுருள் மூன்று முறை ஓடியிருக்கிறது; மூன்றாவது ஓட்டம் முதல் பாதியின் மேலேயே பதிந்துவிட்டது. 1932-இல் கோடாக் கொண்டுவந்த இந்த முறையில் ஃபிலிமின் அகலம் 16 மி.மீ. ஒரு ஓட்டத்தில் அதில் பாதி அகலம்தான் பதிவாகும். 25 அடி ஓடியதும் ஸ்பூல்களை இடம் மாற்றி மறுபாதியை எடுக்க வேண்டும். கழுவியபின் நெடுக வெட்டி ஒட்டினால் 50 அடி. நொடிக்கு 16 படம் வீதம் சுமார் 4 நிமிடம் ஓடும்.

ஸ்பூலின் ஒரு முகத்தில் 3 வெட்டு, மறுமுகத்தில் 4. பக்கம் மாற்றி மாட்டிவிடாமலிருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது எத்தனையாவது ஓட்டம் என்று அது சொல்லாதே! கேமராவுக்குரிய காலி ஸ்பூலில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். ஃபிலிம் புள்ளி வைத்த ஸ்பூலில் இருந்தால் பாதிதான் முடிந்தது. தான் வந்த ஸ்பூலுக்கே திரும்பியிருந்தால் முழுதும் முடிந்தது, மறுபடி மாட்டக்கூடாது. மாற்றுவதை நிழலில் செய்யுங்கள், வெயிலில் திறந்தால் ஓரங்களில் ஒளி ஏறிவிடும்.

கேள்வி: சூப்பர் 8 (டபுள் 8-க்குப் பின் வந்த 8 மி.மீ. வகை) கேமராவின் ஒளி அளக்கும் மீட்டருக்குப் புது பட்டன் பேட்டரி போட்டேன். படமெல்லாம் இருட்டு. ஏன்?

பதில்: பாதரச பேட்டரிக்கென அமைந்த மீட்டராக இருக்கலாம். அது 1.35 வோல்ட், இப்போதைய ஆல்கலைன் 1.5. மிகுதி மின்னழுத்தத்தால் முள் கூடுதலாக நகர்ந்து, வெளிச்சம் அதிகம் என்று எண்ணி அப்பெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை) கேமரா சுருக்கிவிடுகிறது. காது கேட்கும் கருவிக்கான 675 அளவு ஜிங்க்-ஏர் பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தரும். சுற்றி ஒரு வளையம் வைத்தால் பொருந்தும். அதன் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துபோகும், அதுதான் குறை.

கேள்வி: சாவி கொடுத்தபடியே கேமராவை எடுத்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பிரிங் முழுதும் தளரும்வரை ஓடவிட்டு வையுங்கள். படமெடுக்கும்போது மட்டும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் முழுச் சாவி கொடுங்கள். பழைய கிரீஸ் இறுகிய கேமராவில் ஷாட்டின் கடைசியில் வேகம் குறையும். ஷட்டரும் மெதுவாகத் திறந்து மூடும். அந்த இடம் திரையில் வெளுத்து, ஆட்கள் விறுவிறுவென நடப்பார்கள்.