காலையில் நன்றாக இருக்கும் கண் இமை மாலையில் தொங்குகிறது, டாக்டர் டென்ஷன் என்கிறார். வேறு ஏதாவதா?

மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம், சோதித்துவிடுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அம்மாவுக்கும் இதே கதைதான்: செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வருபவர், இரவுச் சோற்றை மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் கிளினிக்குக்குப் போவதோ காலையில், அப்போது ஒன்றுமே தெரியாது, அதனால் இரண்டு வருடம் மனக்கவலைக்கு மாத்திரை. இந்த நோயில் நரம்பின் கட்டளை தசைக்குச் சேராமல் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடுக்கிறது. வேலை செய்யச் செய்யத் தசை சோரும், ஓய்வெடுத்தால் தேறும்.

இமை தொங்கும்போது போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். எங்களுக்கு வழி திறந்தது அதுதான். நரம்பியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லி, ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அப்புறம், மூச்சு முட்டினாலோ விழுங்க முடியாவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.