கல்லடி மாமி பதில்கள்: பாணுக்குள் சிங்கி இறால்

கே: இரண்டு கோடையாக அமெரிக்காவின் மேய்ன் கரைக்குப் போய் லொப்ஸ்டர் ரோல் தின்று பழகிவிட்டோம். வருகிற ஓகஸ்ட்டில் பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கு வருகிறோம். பாசிக்குடாவிலிருந்து அறுகம்குடா வரைக்கும் நல்ல லொப்ஸ்டர் ரோல் எங்கே கிடைக்கும்?
— ஒரு வாசகி, ரொறன்ரோ

ப: மகள், இதைத் தேடி நான் மூன்று நாள் அலைந்திருக்கிறேன். என் தம்பியின் மகளும் உங்கள் ஊரில்தான் இருக்கிறாள். போன வருடம் வந்து இறங்கியவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, "மாமி, இங்கே லொப்ஸ்டர் ரோல் எங்கே நல்லது?" என்று கேட்டாள். எனக்கு ரோல்ஸ் என்றால் தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதுதான்: மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, பாண்தூளில் பிரட்டிப் பொரித்தது. அவள் சொன்னது வேறு. மேய்னில், மேற்புறம் கீறிய மெத்தென்ற பணிஸைப் பட்டரில் வாட்டி, அவித்து ஆறிய லொப்ஸ்டர் (நாங்கள் சிங்கி இறால் என்கிறோமே, அதுதான்) இறைச்சியைக் கொஞ்சம் மயோனைஸில் பிரட்டி அடைப்பார்களாம். கனெக்டிகட் பக்கம் மயோனைஸ் கிடையாது, சூடான இறைச்சியும் உருகிய பட்டரும்தான். 1920களின் கடைசியில் அந்தப் பக்கத்து மில்ஃபர்ட் என்ற ஊரில்தான் இது தொடங்கியதென்று சொல்வார்கள்.

முதல் நாள் பாசிக்குடா. ஒரு ஹோட்டலில் உணவுப் பட்டியலிலேயே அந்தப் பெயர் இருந்தது. வந்ததோ, நண்டுக் குச்சி என்று பொதியில் விற்கிறார்களே, மீனை அரைத்துச் சாயம் பூசியது, அதை நறுக்கிப் பணிஸுக்குள் திணித்தது. விலை மட்டும் அசல் சிங்கி இறாலினது. பரிமாறிய தம்பியைக் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், சமைத்தது அவனில்லையே.

இரண்டாம் நாள் பொத்துவில் பஸ் பிடித்தோம். கல்முனை, அக்கரைப்பற்று என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் குலுங்கி அறுகம்குடாவில் இறங்கினால், அலைச்சறுக்குப் பலகையோடு திரியும் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒரு சின்னக் கடை. "இருக்கிறது அம்மா, பத்து நிமிடம்" என்றார்கள். பத்து நிமிடத்தில் வந்தது நம்முடைய பொரித்த ரோல்ஸ்! "ரோல்ஸ்தானே கேட்டீர்கள்?" என்கிறார் கடைக்காரர். உள்ளே உண்மையிலேயே சிங்கி இறால் இருந்தது, முக்கால் பங்கு உருளைக்கிழங்குக்கு நடுவே ஒளித்து. மருமகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் விடிய நான் அவளை எங்கள் கல்லடிக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை, கடல் வாவி போலக் கிடந்தது. கடலடிப் பாறைப் பாரில் வலை போட்டு வந்த படகில் மூன்று சிங்கி இறால்கள். ஒன்றை முதுகில் பிடித்துத் தூக்கியதும் வாலை வயிற்றோடு மடித்து அடித்தது. மீசையின் அடியிலிருந்து கிர்ர், கிர்ர் என்று ஓர் ஒலி, துருப்பிடித்த கதவுக் கீல் போல. வாவியில் மீன் பாடுவதைக் கேட்கப் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் காத்துக்கிடப்பார்கள்; இது பட்டப்பகலில், கையிலேயே பாடுகிறது.

வாலடித்தால் வாங்கலாம். செத்து வெயிலில் கிடந்ததை வாங்காதீர்கள், இறைச்சி மாவாகிவிடும். வாலைப் புரட்டி அடியையும் பாருங்கள். செம்மஞ்சள் முட்டைக் கொத்து இருந்தால் அதைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம். முட்டையைச் சுரண்டிவிட்டு விற்பவர்களும் உண்டு. பெப்ரவரி, செப்ரெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சிங்கி இறால் பிடிக்கவே தடை. ஓகஸ்ட்டில் வருகிறீர்கள், தப்பித்தீர்கள்.

நீங்கள் அங்கே தின்றது குளிர்க்கடல் இனம். அதற்கு முன்னே இரண்டு பெரிய கவ்வுக் கால்கள் உண்டு, ரோலுக்குப் பெரிதும் போவது அந்தக் கால்களின் மெத்தென்ற இறைச்சி. நம்முடையதற்கு அந்தக் கவ்வுகள் இல்லை, முள் மீசைதான். வால் இறைச்சி இறுக்கமானது. அதனால் அரைக் கிலோ சிங்கி இறாலை உப்புத் தண்ணீரில் எட்டு நிமிடம் அவித்து, குளிர்நீரில் போட்டு, ஓட்டைக் கழற்றி, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டினேன். இங்கத்தைப் பணிஸ் இனிக்கும், இதற்கு ஒத்துவராது. பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோவை மறித்து அச்சுப்பாண் வாங்கி, தடித்த துண்டாக்கி, நடுவே பை போலக் கீறி, தாச்சியில் பட்டர் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டினேன். மருமகள் மயோனைஸ் போத்தலோடு நின்றாள். நான் ஒரு பச்சை மிளகாயைப் பொடியாக அரிந்து, பாதித் தேசிக்காய் பிழிந்தேன். சண்டை வந்தது, ஆளுக்கொரு விதமாகச் செய்து தின்றோம்.

ஆகவே, சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். அன்றைக்குச் சிங்கி இறால் அகப்படாவிட்டால் வாவி இறாலில் செய்யுங்கள், இரண்டு மூன்று நிமிட அவியல் போதும். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள், வாய் நிறைய இருக்கும்.

கே: என் மகனுக்கு இறால் தின்றால் உதடு தடிக்கிறது, உடம்பு கடிக்கிறது. சிங்கி இறால் கொடுத்துப் பார்க்கலாமா?
— ஒரு தாய், அக்கரைப்பற்று

ப: வேண்டாம். இறால், நண்டு, சிங்கி இறால் எல்லாம் ஒரே கூட்டம். ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒவ்வாது. உதடு தடிப்பதை விளையாட்டாக எடுக்காதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

கே: சிங்கி இறாலைப் பாணுக்குள் வைப்பது வீண் செலவு. குழம்பு வைத்தால் குடும்பமே சாப்பிடலாம். நான் சொல்வது சரிதானே?
— ஓய்வுபெற்றவர், களுவாஞ்சிக்குடி

ப: பாதி சரி, ஐயா. வாலைக் குழம்பில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்டால் செருப்பு வார்தான். தலையையும் கால்களையும் முதலில் போடுங்கள், வாலை இறக்குவதற்குச் சற்று முன் போட்டால் போதும். அன்று மிஞ்சிய தலைகளை நான் சும்மா விடவில்லை. தேங்காய்ப் பாலில் முருங்கை இலை போட்டுக் குழம்பு வைத்தேன். வாசம் எழும்பியதும், கனடாவிலிருந்து ரோல் தேடி வந்தவள் கையில் இருந்ததைப் பாதியில் வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றாள்.