கையெழுத்துக்கு எத்தனை பேனா?

அன்புள்ள மேடம்,

பி.ஆர்க் (கட்டடக்கலை) நான்காம் ஆண்டு முடித்திருக்கிறேன். அடுத்த செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று பெங்களூரில், எல்லோருக்கும் பெயர் தெரிந்த அலுவலகம். ஸ்டைபெண்ட் கிடையாது. இன்னொன்று எங்கள் ஊர் திண்டுக்கல்லிலேயே, மூன்று பேர் மட்டும் இருக்கும் அலுவலகம். மாதம் 8,000 ரூபாய் தருகிறார்கள், ஆனால் பாதி நாள் சைட்டில் நிற்க வேண்டுமாம். எனக்கு டிசைன்தான் பிடிக்கும். போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வேலை தேடும்போது காட்டும் டிசைன் தொகுப்புக்கு, எது நல்லது? அரியரால் ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது. இதுவும் வீணானால் என்ன செய்வதென்று பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரம் எனக்குச் சரியில்லாத நேரம். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

போன மாதம் என் அலுவலகத்தில் பயிற்சி முடித்த பையன் ஒருவன், கடைசி நாளன்று, வாராவாரம் செய்த வேலையை எழுதும் லாக் புக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். 16 வாரம், 16 பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘மேற்பார்வையாளர் குறிப்பு’ என்று ஒரு கட்டம், அதன்கீழ் கையெழுத்துக்கு ஒரு கோடு. எல்லாம் காலி. நான் மளமளவென்று போட ஆரம்பித்தேன். ஐந்தாவது பக்கத்தில் பையன் தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து நீட்டினான். “மேடம், கலர் மாத்தி மாத்திப் போடுங்க. ஒரே இங்க்கா இருந்தா காலேஜ்ல கேப்பாங்க.”

மாற்றிப் போட்டேன். குறிப்புக் கட்டத்தில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்றும் எழுதினேன். எதைப் பார்த்து எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். ஒரு வருடம் போனதற்கெல்லாம் அழாதீர்கள். இலங்கையின் பெரிய ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா வக்கீலுக்குப் படித்தவர். கொழும்பில் ரீட் என்ற மூத்தவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்து, அப்புறம் லண்டன் போய்ப் படித்து 1957இல் ஆர்க்கிடெக்ட் ஆனபோது அவருக்கு வயது 38. போர்ட்ஃபோலியோ பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. சம்பளமில்லாத வேலை பற்றி: கூடாது. அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்க 3,740 மணி நேர வேலை அனுபவத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை அந்தக் கணக்கில் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. நம் ஊரில் மட்டும் பெரிய பெயர் என்றால் சும்மா உழைத்துக் கொடுப்பதைப் பாக்கியம் என்கிறோம்.

இப்போது நான் சொல்ல வந்தது. அந்த 3,740 மணி நேரம் ஆகட்டும், பிரிட்டனில் நெடுங்காலமாகக் கேட்டுவந்த 24 மாதம் ஆகட்டும், தகுதி தருவதற்கு முன்னால் உங்களை ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். இங்கே? 1972இல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி, பி.ஆர்க் சான்றிதழோடு ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் மறுநாளே நீங்கள் ஆர்க்கிடெக்ட். படிப்புக்கு அப்புறம் ஒருநாள்கூட யாரிடமும் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டமும் எதைக் காக்கிறது தெரியுமா? பெயரை. பதிவில்லாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாதே தவிர, அந்த வேலையைச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆக, உங்கள் தப்புக்கு இன்னொருவர் பொறுப்பேற்கும் காலம் என்று உங்களுக்கு இருக்கப்போவது இந்த ஒரு செமஸ்டர்தான். அதை வைத்துக்கொண்டு போர்ட்ஃபோலியோவுக்கு எது நல்லது என்கிறீர்கள். கோபம் வருமா வராதா?

1994இல் மதுரையில் பயிற்சியில் இருந்தேன். கே.கே. நகரில் ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு பாத்ரூம் வேண்டும். யாருக்குத்தான் வேண்டாம்? நான் பிளான் வரைந்தேன். பத்தடி உயரம், ஆறங்குலப் படி, மொத்தம் 20. பத்துப் படி ஏறி, திரும்பி, பத்துப் படி. நடு லேண்டிங்குக்குக் கீழே பாத்ரூம், கதவு, வாஷ்பேசின் எல்லாம் அழகாக உட்கார்ந்தது. பிளானில் எல்லாமே உட்காரும்.

சென்டரிங் அடித்த அன்று மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, கொஞ்சம் இப்படி உள்ள வந்து நில்லு.” தப்பு என்றோ சரி என்றோ சொல்லவில்லை. போனேன். பலகையில் நெற்றி இடித்தது. பத்துப் படி என்றால் ஐந்தடி, அதில் ஸ்லாபுக்கு ஐந்து அங்குலம் போக மிச்சம் நாலே முக்காலடிகூட இல்லை. சித்தாள் அக்கா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

என் சார் மொபெட்டில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரும் குனிந்து உள்ளே போய் நின்றார். வெளியே வந்து, மணல் குவியல்மேல் உட்கார்ந்து, சிமெண்ட் பையின் காகிதத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். “செக்‌ஷன் வெட்டு.” கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பதுபோல் உயரங்களைக் காட்டும் படம் அது. வெட்டினேன். முதல் வரிசையில் 14 படி, லேண்டிங் ஏழடியில், மேலே ஆறு படி. படிக்கட்டு நீள்கிறது, வாசல் பக்கம் சுவர் தள்ளிப் போகிறது, அதையும் வரையச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் வெயிலில் பக்கத்திலேயே இருந்தார். பிரித்து அடித்த கூலியை அவர் கையிலிருந்து கொடுத்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அந்த வார லாக் புக்கில் குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியது ஒரே வரி: ‘தலை இடித்தது. இனி செக்‌ஷன் வெட்டுவாள்.’

அந்தப் புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மற்ற வாரங்களில் அவர் என்ன எழுதினார் என்று நினைவில்லை.

டிசைன்தான் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். சைட் பிடிக்காததற்கு நீங்கள் சொல்லாத காரணமும் இருக்கும், எனக்குத் தெரியும். பாத்ரூம் இருக்காது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்க வேண்டும். நான் தண்ணீர் குடிக்காமலே இருந்து, நீர்க்கடுப்பு வந்து படுத்தேன். அதை மட்டும் செய்யாதீர்கள். சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் இதைக் கேளுங்கள், கூச்சப்படாமல். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: என் டிராயிங்கை யார் பார்ப்பார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? பெங்களூர்க்காரர்களிடமும் கேளுங்கள், திண்டுக்கல்காரரிடமும் கேளுங்கள். சின்ன அலுவலகம் என்பதாலேயே அங்கே பார்ப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். என் அலுவலகத்திலும் நாலு பேர்தான்.

அந்தப் பையன் வரைந்த ஒரு வீடு இப்போது ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை அங்கே போனேன். டிராயிங்கை விரித்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சமையலறை ஜன்னலின் அடிமட்டத்தை மேடைக்கு மூன்று அங்குலம் கீழே போட்டிருக்கிறான். அடியில் ‘சரிபார்த்தது’ என்று என் கையெழுத்து. ஆனால் சுவரில் ஜன்னல் சரியான உயரத்தில் இருந்தது. மேஸ்திரியைக் கேட்டேன்.

“ரெண்டு வரி செங்கல் ஏத்திட்டேம்மா. தம்பி புதுசு, நீங்களும் பிஸியா இருந்தீங்க.”

பையன் இப்போது சென்னையில் ஏதோ அலுவலகத்தில் த்ரீடி வியூ போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இது தெரியாது. இன்று ராத்திரி போன் செய்து சொல்ல வேண்டும்.