மாக்கல்லில் அம்மோனைட் சுருள்

கேள்வி: அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் அம்மோனைட் (அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரி) புதைபடிவத்தைப் பார்த்து மாக்கல்லில் செதுக்கினேன். சுருட்டி வைத்த தாம்புக்கயிறு மாதிரி வந்திருக்கிறது. ஓட்டின் மேல் குறுக்கே ஓடும் வரிமேடுகளும் விளிம்பில் பெயர்ந்துவிட்டன. எங்கே தவறு?
– வாசகி, பெரம்பலூர்

பதில்: கயிறுபோலத் தெரிவதற்கு உளியைக் குறை சொல்லாதீர்கள், வரைந்ததுதான் தவறு. சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி விட்டிருப்பீர்கள். கயிற்றுக்கு ஒரே பருமன். அம்மோனைட்டோ வளர வளர ஓட்டின் வாயும் அகன்றுகொண்டே போகும். சுற்றுக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. நடுப்புள்ளியிலிருந்து 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டுக் கோடுகள் போடுங்கள். வெளி ஆரம் 8 செ.மீ. என்றால் அடுத்தடுத்த கோடுகளில் 7.3, 6.7, 6.2, 5.7, 5.2, 4.8, 4.4. ஒரு சுற்று முடியும்போது 4. அடுத்த சுற்றுகள் 2, 1 என்று உள்ளே போகும். வரிமேடுகளையும் ஸ்கேலால் அளக்காமல் 15 டிகிரிக்கு ஒன்று, சுற்றுக்கு 24 என்று பிரியுங்கள். உள்ளே நெருங்கியும் வெளியே அகன்றும் தானாக அமைந்துவிடும். (சாளக்கிராமத்தின் ‘சக்கரம்’ என்பதும் கண்டகி ஆற்று அம்மோனைட் சுருள்தான். வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.)

விளிம்பு பெயர்ந்தது, உளியை உள்ளிருந்து வெளியே ஓட்டியதால். விளிம்புக்கு அப்பால் தாங்கக் கல் இல்லை. எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் நடுப்பகுதியைத் தட்டுபோல இறக்குங்கள், பிறகு சுற்றுகளுக்கு இடையே பள்ளம், வரிகள் கடைசியில். நகத்தால் கீறினாலே கீறல் விழும் கல்லுக்கு வரி போட உளி எதற்கு? முக்கோண அரம் போதும். 220, 400, 600 எண் நீர்த்தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) வரிசையாகப் பென்சிலில் சுற்றித் தேயுங்கள். தட்டைக் கட்டையில் சுற்றினால் வரி மழுங்கிவிடும். சில மாக்கற்களில் ஆஸ்பெஸ்டாஸ் வகை இழை இருக்கும், தூசியாக மூச்சில் போகக் கூடாது. ஆகவே எல்லாம் ஈரத்திலேயே நடக்கட்டும்.

அடுத்த கல்லை வாங்கியதும் நனைத்துக் காய விடுங்கள். கல் உலர்ந்த பிறகும் ஓர் ஈரக்கோடு மட்டும் காயாமல் நின்றால் அங்கே விரிசல்.

கேள்வி: சிந்துவெளி முத்திரைகளும் மாக்கல்தானாமே? நாமும் செதுக்கிச் சுட்டால் இறுகுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இறுகும். அவர்களும் செதுக்கிய பிறகுதான் சுட்டார்கள். ஆனால் அதற்கு 1,000 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், சமையல் அடுப்பு உதவாது. உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கவும் செய்யும். சுடாமலே வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில் உருவை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். நடுநடுவே பிசைந்த களிமண்ணில் அழுத்திப் பார்த்தால் எந்த இடம் ஆழம் போதவில்லை என்பது உடனே தெரியும்.