உரியும் வாளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேதராப்பட்டில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பட்டறை நடத்துகிறேன். காயலான் கடையிலிருந்து வரும் மூடி, டப்பா, உடைந்த குடம் எல்லாவற்றையும் அரைத்து, உருக்கி வாளி போடுகிறோம். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் கலந்துவிட்டால் வாளி தோல் தோலாக உரிகிறது. இரண்டுமே வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தானாம். அப்புறம் ஏன் சேரவில்லை? சூட்டைக் கூட்டச் சொன்னார் மெஷின்காரர். 200 டிகிரியிலிருந்து 230 வரை ஏற்றினேன், மஞ்சளடித்ததுதான் மிச்சம். எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் என் மகளோ, "கலந்தால் என்ட்ரோபி கூடும், அதனால் கலந்துதான் ஆகவேண்டும்" என்கிறாள். யார் சொல்வது சரி?

– ஒரு வாசகர், சேதராப்பட்டு

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதில் பாதி சரி. மெஷின்காரர் சொன்னது உங்கள் சரக்குக்குப் பொருந்தாது.

அடுத்த முறை புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் பூக்கடை முன் கொஞ்சம் நில்லுங்கள். உதிரி மல்லியையும் உதிரி கனகாம்பரத்தையும் ஒரே கூடையில் கொட்டிக் குலுக்கினால் நன்றாகக் கலந்துவிடும். எந்தப் பூ எங்கே விழலாம் என்பதற்கு எண்ணி மாளாத வழிகள் உண்டு. அந்த வழிகளைக் கணக்கிடுவதுதான் என்ட்ரோபி. இப்போது அதே பூக்களை ஆயிரம் ஆயிரமாகச் சரம் கட்டிவிட்டுக் கூடையில் போடுங்கள். ஒவ்வொரு பூவும் பக்கத்துப் பூவோடு கட்டுண்டு கிடக்கிறது. இஷ்டத்துக்கு இடம் மாற முடியாது. வழிகள் மளமளவென்று குறைந்துவிடும். பிளாஸ்டிக்கின் மூலக்கூறான பாலிமர் இந்தச் சரம்தான், பூவுக்குப் பதில் சின்னச் சின்னக் கண்ணிகள். கலப்பதால் என்ட்ரோபி கூடுவது உண்மை. ஆனால் கூடுகிற அளவு சில்லறைக் காசு, சின்ன ஒவ்வாமைகூட அதை மிஞ்சிவிடும்.

இந்தக் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் காய் வைப்பதுபோலப் போட்டுக் காட்டியவர்கள் ஃப்ளோரி, ஹக்கின்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள். 1941-42இல், தனித்தனியாக. இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள ஒவ்வாமையை ஒரே எண்ணில் அடக்கி, ஒரு கிரேக்க எழுத்தால் குறித்தார்கள். அதன் உச்சரிப்பு நம் காதில் 'கை' என்றே விழும், அப்படியே வைத்துக்கொள்வோம். இரண்டு சரங்களும் ஒரே நீளம், சரிபாதி அளவு என்றால், கை எண் 2-ஐச் சர நீளத்தால் (கண்ணிகளின் எண்ணிக்கையால்) வகுத்த அளவைத் தாண்டியதும் பிரிவினை தொடங்கிவிடும். உதிரி மூலக்கூறுகளுக்கு அந்த எல்லை 2. ஆயிரம் கண்ணிச் சரத்துக்கு 0.002. பாலிஸ்டைரீனுக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே கை எண் சுமார் 0.04தான். பார்க்க அற்பம். ஆனால் சரம் 50 கண்ணியைத் தாண்டினாலே அது போதும், பிரிந்துவிடும். கடைச் சரக்கில் கண்ணிகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். கண்ணாடிபோலத் தெளிந்த இரண்டையும் உருக்கிக் கலந்தால் பால் மாதிரி வெளுத்துப்போவது அதனால்தான்.

"இரண்டும் கார்பன், ஹைட்ரஜன்தானே" என்று கேட்டீர்கள். பாலிபுரோப்பிலீனில் ஒன்று விட்டு ஒரு கார்பனில் மெத்தில் என்ற சின்னக் கிளை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) துருத்திக்கொண்டிருக்கிறது. நீளச் சரங்களுக்கு அந்தச் சின்ன வித்தியாசமே ஜாஸ்தி. அட, ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அதன் கனமான அண்ணன் டியூட்டீரியத்தை வைத்தால்கூட, சரம் போதிய நீளமிருந்தால், ஒரே பாலிமர் தன்னோடு தானே சேராமல் பிரிகிறது. இதை முதலில் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சூட்டுக்கு வருவோம். வெப்ப இயக்கவியலுக்குச் செல்சியஸ் செல்லாது, கெல்வின்தான். 200 டிகிரி என்பது 473. 230 என்பது 503. நீங்கள் கூட்டியது வெறும் ஆறு சதவீதம். கை எண்ணில் சூட்டுக்கு அசையும் பகுதியும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும். அதற்குள் பிளாஸ்டிக் கருகத் தொடங்கிவிடும். இன்னொரு வேடிக்கை: பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மெத்தில் ஈதரும் கலந்த படலம் சாதாரண வெப்பத்தில் தெளிவாக இருக்கும், சூடேற்றினால் கலங்கிப் பிரியும். ஃப்ளோரியின் கட்டத்தில் காலி இடமே கிடையாது, அதனால் இது அதில் சரியாக விழவில்லை. காலிக் கட்டங்களையும் சேர்த்து 1976இல் சான்செஸும் லகோம்பும் கணக்கை விரித்தார்கள்.

எனக்குப் பிடித்த இடம் கோபாலிமர். அது கதம்பச் சரம். பாலிஸ்டைரீன் அக்ரிலிக்கோடு சேராது, பாலிஅக்ரிலோநைட்ரைலும் சேராது. ஆனால் ஸ்டைரீனையும் அக்ரிலோநைட்ரைலையும் ஒரே சரத்தில் கலந்து கட்டினால், அக்ரிலோநைட்ரைல் சுமார் 10 முதல் 30 சதவீதம் இருக்கும்வரை, அது அக்ரிலிக்கோடு அழகாகக் கலக்கும். காரணம் நட்பில்லை. சரத்துக்குள்ளேயே அந்த இரண்டுக்கும் ஆகாது. நடுவில் அக்ரிலிக் புகுந்தால் வீட்டுச் சண்டை நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். கணக்கில் இது ஒரு கழித்தல் குறியாக வந்து நிற்கும். மகளிடம் சொல்லுங்கள், எழுதிப் பார்க்கட்டும்.

உங்களுக்கு உதவக்கூடியது வேறு வகைச் சரம்: பாதி மல்லி, பாதி கனகாம்பரம் என்று பாகம் பாகமாகக் கட்டியது. ஒவ்வொரு பாகமும் தன் இனத்துக்குள் போய் உட்காரும்; சரம் இரண்டையும் தைத்துவிடும். கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2017இல் எத்திலீன் பாகமும் புரோப்பிலீன் பாகமும் இப்படி மாறி மாறி வரும் சரம் செய்து, சுமார் ஒரு சதவீதம் சேர்த்ததிலேயே உங்கள் இரண்டு பிளாஸ்டிக்கும் உரியாமல் உறுதியாக நின்றதைக் காட்டினார்கள். ஆனால் வாளி விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆக, பிரித்தெடுப்பதுதான் வழி. அதிலும் ஒரு சங்கடம்: தண்ணீர்த் தொட்டி பெட் பாட்டில் துண்டை அடியில் தள்ளும், இந்த இரண்டையும் பிரிக்காது. அடர்த்தி ஒன்று 0.9, இன்னொன்று 0.95 அளவில்; இரண்டுமே மிதக்கும். அரைப்பதற்கு முன்னால், மூடி முழுசாக இருக்கும்போதே, அடியில் அச்சிட்டிருக்கும் முக்கோண எண்ணைப் பார்த்து ஆள் வைத்துப் பொறுக்குங்கள். 2 பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன்.

ஒரு வேண்டுகோள். உரிந்த வாளியை எடுத்து, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாயருகே நகத்தால் கீறிப் பாருங்கள். சேராத பிளாஸ்டிக் ஒன்றுக்குள் ஒன்று சொட்டுச் சொட்டாக நிற்கும்; வேகமாகப் பாயும் இடத்தில் அந்தச் சொட்டுகள் இழுபட்டுத் தகடாகிவிடும், அங்கேதான் அதிகம் உரியும் என்பது என் ஊகம். விளிம்பில்தான் அதிகம் உரிகிறது என்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.