ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதம் யாருக்கு உதவும்?

கேள்வி: என் கணவர் மேசன். 14 மாதத்துக்கு முன் ஆரையம்பதியில் மாடிவீட்டு வேலையில் சாரப் பலகையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. பிளேட் வைத்த இடத்தில் சீழ் பிடித்து மூன்று தரம் திறந்தார்கள். இப்போது கால் ஒன்றரை அங்குலம் கட்டை. வாட்டில் எங்களை நடத்திய விதம் சொல்ல முடியாது. அமைச்சுக்கும் முறைப்பாடு எழுதினோம், பிரதி இணைத்துள்ளேன். கொந்தராத்துக்காரர் நாலு லட்சம் தருகிறேன், கையெழுத்து வை என்கிறார். அரச ஆஸ்பத்திரிமீது வழக்குப் போடலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வாட்டில் யார் என்ன பேசினார்கள் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரிகூட நட்டஈட்டுக்கு உதவாது. சத்திரசிகிச்சை எதற்காக நடந்தது? வேலையில் விழுந்து முறிந்த காலுக்காக. அப்படியென்றால் சீழும் கட்டைக்காலும் அந்த விபத்தின் தொடர்ச்சி என்றே வாதாடலாம், பொறுப்பு கொந்தராத்துக்காரருடையது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தில் அவருடைய கவனயீனத்தை நிரூபிக்கவும் தேவையில்லை.

இதை நீங்களே கெடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். முறைப்பாட்டின் இரண்டாம் பக்கத்தில், 'விழுந்ததில் சின்ன முறிவுதான், காலைப் பழுதாக்கியது முழுக்க ஆஸ்பத்திரி' என்று எழுதிக் கணவரின் கையெழுத்தும் இருக்கிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இனி வேறு சாட்சி எதற்கு, தங்கச்சி? ஏறாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரும் இப்படியொரு கடிதத்தோடுதான் வந்தார். விசாரணையில் அதை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடிக்கும்போது பேரம் பாதியாகிவிட்டது. இனி எவருக்கும் எதுவும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. துண்டு வெட்டாமலே, அதாவது ஆஸ்பத்திரி முறைப்படி விடுவிக்குமுன்பே, வீட்டுக்கு வந்து முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப்போட்டதாகப் போகிற போக்கில் ஒரு வரி. எத்தனை நாள்? நீங்கள் மறைத்தாலும் வாட் டிக்கெட், அதாவது வாட்டில் எழுதிய சிகிச்சைக் குறிப்பு, மறைக்காது. சொல்வழி கேளாமல் காயத்தைக் கூட்டிக்கொண்டார் என்ற வாதம் அங்கேதான் பிறக்கும். வெளியேறுமுன்பே சீழ் இருந்ததா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஆஸ்பத்திரி வழக்கு? அரசுக்காக வழக்காடும் சட்டமா அதிபருக்கு ஒரு மாத அறிவித்தல் கொடுத்து, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போட்டாலும், கவனயீனம் வேறு, அதனால்தான் கால் போனது என்று காட்டுவது வேறு. 2001இல் உயர் நீதிமன்றம் வரை போன வழக்கொன்றில், வைத்தியரின் கவனயீனத்தை ஏற்றுக்கொண்டும், குழந்தையின் மரணத்துக்கு அதுவே காரணம் என நிரூபிக்கப்படாததால் தந்தை தோற்றார். நான் உங்களுக்கு அந்தப் பாதையைச் சொல்ல மாட்டேன்.

சமாதானமாகப் போங்கள், ஆனால் இன்றைக்கு அல்ல. கால் இன்னும் ஆறவில்லை, நிரந்தர இயலாமை எத்தனை வீதம் என்று வைத்தியச் சான்றிதழும் இல்லை. 'முழுவதும் தீர்ந்தது' என்ற தாளில் இப்போது கையெழுத்து வைத்தால் நாலாவது சத்திரசிகிச்சை உங்கள் செலவு. அந்தக் கட்டளைச்சட்டத்தின் 2022 திருத்தத்தால் நட்டஈட்டின் உச்சவரம்பு 20 லட்சமானது உண்மை. அது உச்சவரம்பு, உங்கள் தொகையல்ல. சம்பளத்தையும் வீதத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்து, அவர் அதற்குக் கிட்ட வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், உடன்பாட்டை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிந்து.

பேச்சு நடக்கும்போதே ஆணையாளரிடம் நட்டஈட்டு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இரண்டு வருடம் விழுந்த நாளிலிருந்து ஓடுகிறது, கடைசியாகக் காலைத் திறந்த நாளிலிருந்து அல்ல. பத்து மாதம் மிச்சம். வரும்போது வாட் டிக்கெட் பிரதியும் சம்பளக் கொப்பியும் கொண்டு வாருங்கள். மேசன்மாரிடம் கொப்பி எங்கே இருக்கப்போகிறது? சரி, அன்று கூட வேலை செய்த இருவரையாவது கூட்டி வாருங்கள்.