சேலத்தில் ஒயின் அறை: கேட்டவர்களுக்குப் பதில்

வீட்டு உள்ளலங்கார வேலை எனக்கு. சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒயின் அறை கேட்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சார், ஃபேர்லேண்ட்ஸில் வீடு கட்டுகிறோம். தரைக்கு அடியில் ஒரு அறை எடுத்தால் தானாகவே குளிர்ந்து கிடக்கும்தானே? பிரான்சில் அப்படித்தானே?

கிடக்காது. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் சூடு அந்த ஊரின் வருஷ சராசரியை ஒட்டித்தான் நிற்கும். பிரான்சில் பல ஊர்களில் அது 11, 12 டிகிரி, அதனால் அவர்களின் பழைய நிலவறைகளுக்கு மெஷினே தேவைப்படவில்லை. நம் ஊரில் சராசரி 28 டிகிரி சுமார். ஒயினுக்கு வேண்டியதோ 12 முதல் 14. பாறையை உடைத்துக் காசைக் கொட்டி நீங்கள் வாங்கப்போவது 28 டிகிரியில் அசையாமல் நிற்கும் ஒரு குழி, சித்திரை மதியம் போய்ப் படுத்துக்கொள்ளலாம். தரைத்தளத்திலேயே வீட்டின் நடுவில், வெயில் படாத ஒரு மூலை போதும். மேற்குச் சுவர் மட்டும் வேண்டாம்.

சாதாரண ஸ்ப்ளிட் ஏசி போட்டால் ஆகாதா அண்ணா? பாதி விலையில் முடியுமே.

வீட்டு ஏசி பெரும்பாலும் 16-ஓடு நின்றுவிடும். அது பரவாயில்லை என்றாலும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், கார்க் காயும், காய்ந்தால் சுருங்கும், காற்று உள்ளே போகும். ஈரப்பதம் 60, 70 சதவீதம் இருக்க வேண்டும். இதற்கென்றே வரும் மெஷின்தான் வழி, ஆனால் அதிலும் ஒரு கணக்கு உண்டு: பல மெஷின்கள் சுற்றியுள்ள காற்றைவிட 16, 17 டிகிரிதான் இறக்கும். வெளியே 38 என்றால் உள்ளே 21 வருவதே பெரிய விஷயம். அது தள்ளும் சூட்டுக்கும் வெளியே போக வழி வேண்டும். என் முதல் வேலையில் அந்தச் சூட்டை மூடிய லாஃப்டுக்குள் விட்டேன், மூன்றாம் நாள் மெஷின் படுத்துவிட்டது. திட்டு வாங்கியது நான்தான், நியாயமான திட்டு.

ஹாலில் இருந்து பார்த்தால் பாட்டில்கள் தெரிகிற மாதிரி முழுக் கண்ணாடிச் சுவர் ஆசை. செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வியர்க்கும். ஐப்பசி மழையில் ஹால் 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் கோக்கும், மோர்ச் சொம்பு வியர்ப்பது போலத்தான். ஒற்றைக் கண்ணாடி என்றால் தினமும் துணி பிழிய ஆள் வேண்டும். நடுவில் இடைவெளி விட்டு அடைத்த இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர் காஸ்கெட், கீழே வாசல்படி இடுக்கையும் அடைக்க வேண்டும்.

கண்ணாடியில் வியர்ப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது, சுவருக்குள் வியர்ப்பதுதான் வம்பு. இன்சுலேஷனுக்கு வெளிப்புறம், அதாவது சூடான பக்கத்தில், ஈரம் புகாத படலம் போட வேண்டும். பலர் உள்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள், ஈரம் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரே வருஷத்தில் பூஞ்சை. கூரைக்கும் இதே கதை. நான் இதை இன்டீரியர் ஆட்களிடம் விடுவதில்லை, பால், பழம் கோல்டு ஸ்டோரேஜுக்குப் பஃப் பேனல் (நடுவில் நுரை அடைத்த பலகை) போடுகிறவர்களைக் கூப்பிடுவேன். அழகு தெரியாது அவர்களுக்கு, ஆனால் ஒரு இடுக்கு விடமாட்டார்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா. அங்கே மெஷின் இல்லாமல் சமாளிக்கலாமா?

1500 மீட்டர் உயரம், கோடையிலும் 30-ஐத் தாண்டுவது அபூர்வம், ஆகவே ஓரிரு வருஷத்தில் குடித்துவிடுகிற ஒயினுக்கு வடக்குப் பார்த்த கல்சுவர் அறை ஓரளவு தாங்கும். பத்து வருஷம் வைக்கப்போகிற பாட்டிலுக்கு மெஷின் வேண்டும், சின்னது போதும். மேலே பிரச்சினை சூடு இல்லை, பனிமூட்டம். லேபிளில் பூஞ்சை பூத்துவிடும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஊறி உப்பும். தோட்டத்திலேயே சில்வர் ஓக் நிற்கிறது, அதை அறுத்து ரேக் போடலாமே என்று கேட்பார்கள், பூச்சி அரிக்கும், நான் தேக்குதான் சொல்வேன். அப்புறம் காப்பிக்கொட்டை, மிளகு மூட்டை அந்த அறையில் வேண்டவே வேண்டாம், வாசனை ஏறும். புது வார்னிஷும் அப்படித்தான், வாசனை போகிறவரை பாட்டிலை உள்ளே வைக்காதீர்கள்.

300 பாட்டில் வைக்க எவ்வளவு இடம்? பர்மிட் வேண்டுமா?

பாட்டிலுக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டம், கார்க் காயாமல் இருக்கப் படுக்கை வாக்கில். மொத்த எடை 400 கிலோவை நெருங்கும், அதனால் மாடியில் என்றால் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை. திருகுமூடி பாட்டில் நின்றாலும் பரவாயில்லை. பர்மிட் விஷயத்தில் விளையாட வேண்டாம்: அனுமதியில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ள லிட்டர் கணக்கில் வரம்பு உண்டு, 300 பாட்டில் அதில் அடங்காது. சுவரை அளக்கும் முன் கலெக்டர் ஆபீஸ் ஆயத்தீர்வைப் பிரிவில் விசாரித்துவிடுங்கள். அதைக் கேட்காமல் நான் வரைபடமே போடுவதில்லை.

கரண்ட் போனால்?

நாலைந்து மணி நேரம் கதவைத் திறக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, நிறைந்த ரேக் மெதுவாகத்தான் சூடாகும். ஸ்டெபிலைசர் கட்டாயம்.

சேலத்தில் இருந்து காரில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறோம், டிக்கியில் வைக்கலாமா?

மே மாத டிக்கியிலா? சீட்டுக்குக் கீழே, ஏசி படுகிற இடத்தில் வையுங்கள். பழைய சிவப்பு ஒயின் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவில் அடிமண்டி கலங்கியிருக்கும், இரண்டு நாள் நிற்க வைத்துவிட்டுத் திறங்கள்.